கூடையில் கல் தங்கவில்லையா? மாணிக்கக் குழியில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழியில் கல் கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் குறை சொல்வது ராசியைத்தான். காணி சரியில்லை, நாள் சரியில்லை, குழிக்குப் பூசை போடவில்லை என்பார்கள். மாமாவோடு குழியில் இறங்கிய முதல் வருசம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் ஒன்றும் பேசாமல் கழுவி முடித்த கூடையை வெயில் பக்கம் சாய்த்துப் பிடித்து, அடியில் தங்கிய அந்த ஒரு கைப்பிடியை விரலால் கிளறிக்கொண்டே இருப்பார். கல் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கல் இருந்தால் அது முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும், மீதி நேரமெல்லாம் அவர் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைப்பிடிக்குச் சிங்களத்தில் நம்புவ என்று பெயர், குழி வேலை செய்யும் தமிழ் ஆட்களும் அப்படியே சொல்வோம். சரளை படுகைக்கு இல்லம் என்று சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான். இல்லத்தை அள்ளிக் கழுவி, மண்ணும் லேசான கல்லும் போன பிறகு கனமானது மட்டும் நம்புவவில் தங்கும். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தாலே குழியில் பிழையா, கையில் பிழையா, சல்லடையில் பிழையா என்று தெரிந்துவிடும். கீழே அதைத்தான் ஒவ்வொரு அடையாளமாக எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டாதீர்கள். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைதான் அதைக் கொடுக்கிறது, காணிக்காரரின் சம்மதமும் வேண்டும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் நிலம் பிறந்ததிலிருந்து பார்த்த நிலம் என்பதால் நம்முடையது மாதிரி இருக்கும், ஆனால் பத்திரம் நம் பெயரில் இல்லை. பொலிஸ் பிடிப்பதை விட எனக்குப் பெரிய பயம் வேறு. இரவில் களவாகத் தோண்டும் குழிக்கு யாரும் சுவர் சரியாமல் மரச்சட்டம் கட்டுவதில்லை, வெளிச்சம் இருக்காது, ஒருவர் மேல் மண் விழுந்தால் மற்றவர்கள் கத்திக் கூப்பிடவும் தயங்குவார்கள்.

அடையாளம்: கூடையின் அடியில் வெள்ளைக் கல் மட்டும் தங்குகிறது

கறுப்பு மணலும் இல்லை, சிவப்புக் கார்னெட்டும் இல்லை, வெறும் பளிங்குக் கல் (குவார்ட்ஸ்). இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுவுவது முழுக்க எடைக் கணக்கு. ஒரே அளவுள்ள தண்ணீரை விட பளிங்கு 2.65 மடங்கு கனம். நீலம், மஞ்சள் புஷ்பராகம் எல்லாம் கொரண்டம் என்ற ஒரே இனம்தான், அது 4 மடங்கு. கார்னெட் ஏறக்குறைய அதே கனம். சேர்க்கோன் பெரும்பாலும் 4.6 பக்கம், கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட் 4.7. அதனால் நீலம் தங்கும் கூடையில் கார்னெட்டும் கறுப்பு மணலும் கட்டாயம் தங்கியிருக்க வேண்டும். அவை கூட இல்லை என்றால் இரண்டில் ஒன்று: நீங்கள் கழுவுவது இல்லமே இல்லை, அல்லது கனமானதையும் சேர்த்து உங்கள் கை வெளியே தள்ளுகிறது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரை பத்து கார்னெட் கற்களை எடுங்கள், விலை போகாத உடைசல் போதும். அவற்றில் நெயில் பொலிஷ் ஒரு பொட்டு வைத்துக் காய விடுங்கள். ஏற்கெனவே கழுவித் தள்ளிய சரளையில் ஒரு கூடை அள்ளி, பத்தையும் அதற்குள் புதைத்து, எப்போதும் கழுவுவது போலவே கழுவுங்கள். கடைசியில் எண்ணுங்கள். ஒன்பதோ பத்தோ இருந்தால் உங்கள் கை நல்ல கை. நான் முதல் தடவை செய்தபோது நான்குதான் இருந்தது, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அதற்கு முன்னால் எத்தனை கூடை கழுவியிருப்பேன் என்று யோசித்தேன்.

கல் போவது பெரும்பாலும் இப்படித்தான். கூடையை விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே எதுவும் அசையாது, முக்கால் பங்குக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடனே சுழற்றத் தொடங்கக் கூடாது, முதலில் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி இடமும் வலமுமாக நன்றாகக் குலுக்க வேண்டும், கனமானது கீழே இறங்குவது அந்தக் குலுக்கலில்தான். அப்புறம்தான் சுழற்றி, மேலே வந்த லேசான கல்லை விளிம்பால் விடுவது. ஒவ்வொரு நாலைந்து சுற்றுக்கும் நிறுத்தி மறுபடி குலுக்குங்கள். சாய்ப்பது கடைசிக் கட்டத்தில்தான், அவசரத்தில் முதலிலேயே சாய்த்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

கை சரி, இருந்தும் வெள்ளைக் கல் மட்டும் என்றால் படுகையைப் பாருங்கள். மலைச்சரிவில் தோண்டுகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே மண் அடிக்கடி சரியும், பழைய சரிவு மண்ணிலும் கல் கலந்திருப்பதால் தோண்டும்போது இல்லம் மாதிரியே தட்டுப்படும். கல்லைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவுங்கள். கூராக, உடைந்த மாதிரி இருந்தால் அது மேலிருந்து சரிந்து வந்தது, ஆறு அதைப் பிரித்துப் போடவில்லை. உருண்டு மழுங்கியிருந்தால், அதிலும் பல நிறக் கல் கலந்து உக்கிய பாறை மேல் படிந்திருந்தால், அது ஆற்றுச் சரளை. இன்னொன்று, கனமான கல் படுகையின் அடியில்தான் சேரும். கடைசி ஒரு சாண், அதற்குக் கீழே உக்கிய பாறையில் இருக்கும் குழி, வெடிப்பு எல்லாவற்றையும் கரண்டி வைத்துச் சுரண்டி எடுங்கள். பலர் பாறை வந்துவிட்டது என்று அலவாங்கை மேலே போட்டுவிட்டு ஏறி வருவது அந்த இடத்தில்தான்.

அடையாளம்: கறுப்பு மணல் அவ்வளவு, உள்ளே ஒன்றும் தெரியவில்லை

இதற்குச் சந்தோசப்படுங்கள், படுகையும் கையும் இரண்டும் சரி. குறை சல்லடையில். பெரிய கல்லும் சின்ன மணலும் ஒன்றாகக் கிடந்தால் சின்னது கனமோ லேசோ பெரியதன் இடுக்கு வழியாக அடிக்குப் போய்விடும். கழுவுவதற்கு முன்னால் கண் அளவு வேறான இரண்டு சல்லடையில் சலித்து, ஒரே அளவாகப் பிரித்துத் தனித்தனியாகக் கழுவுங்கள். பிறகு நம்புவவைத் தாளில் பரப்பிக் காய வைத்து, ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையில் போட்டு மேலே நகர்த்தினால் கறுப்பு மணலில் இருக்கும் மக்னடைட் என்ற இரும்புக் கனிமம் ஒட்டிக்கொண்டு வரும், பையை உரித்தால் விழுந்துவிடும். இல்மனைட் அவ்வளவு ஒட்டாது, அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

கறுப்பில் சின்னச் சதுரக் கட்டி மாதிரி, அளவுக்கு மீறிக் கனமாக ஒன்று வந்தால் தனியாக வையுங்கள். அது தோரியனைட்டாக இருக்கலாம். 1904இல் பலாங்கொடைப் பக்கம் அதைக் கண்டுபிடித்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவராகத்தான் அவரை நமக்குத் தெரியும், அதற்கு முன்னால் அவர் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைட்டில் பெரும்பகுதி தோரியம், கதிர்வீச்சு உள்ளது. சட்டைப் பையிலோ படுக்கைக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அடையாளம்: கழுவிய பிறகும் களி உருண்டை கிடக்கிறது

ஈரக் களி கூடையில் உருளும்போது வழியில் இருக்கிற கல்லை எல்லாம் ஒட்டி எடுத்துக்கொள்ளும், பிறகு நீங்களே அதை மண்கட்டி என்று தூக்கி வீசுவீர்கள். அள்ளிய இல்லத்தை ஒரு இரவு தண்ணீரில் ஊற விடுங்கள், காலையில் மிதித்துக் குழையுங்கள். உருண்டை வந்தால் கையால் கரைத்துப் பாருங்கள், வீசாதீர்கள்.

அடையாளம்: மஞ்சளாக மின்னுகிறது, தங்கமா?

எனக்கு இதுவரைக்கும் ஓடி வந்து காட்டியதெல்லாம் மைக்கா, காக்காப்பொன் என்பார்களே, அதுதான். கறுப்பு மைக்கா மண்ணில் கிடந்து உக்கும்போது பொன்னிறமாக மாறும், தண்ணீருக்கு அடியில் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு அடிக்கும். அதனால் ஆளைக் குறை சொல்லாமல் சோதித்துப் பார்ப்போம்.

முதலில் கூடையை நிழலுக்குக் கொண்டு போங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள், திருப்பினாலும் மாறாது. மைக்கா கண் சிமிட்டும், ஒரு கோணத்தில் மின்னி மறு கோணத்தில் அணைந்துவிடும். அடுத்து ஊசி நுனியால் அழுத்துங்கள். தங்கம் பள்ளம் விழும், மைக்கா ஏடு ஏடாக உரியும், தங்கம் மாதிரி ஏமாற்றும் பைரைட் நொறுங்கிக் கறுப்புத் தூளாகும். மூன்றாவது, கழுவும்போது அது எங்கே போகிறது என்று பாருங்கள். தங்கம் 19 மடங்கு கனம், கறுப்பு மணலுக்கும் பின்னால் அசையாமல் கிடக்கும். மின்னுவது தண்ணீரோடு மேலே மிதந்து முதலில் ஓடினால் மைக்காதான். ஒரு விலக்கு உண்டு. மெல்லிய தங்கத் தகடு காய்ந்தோ எண்ணெய் பட்டோ இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பிலேயே மிதக்கும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அமிழ்ந்துவிடும்.

தங்கம் என்றே வந்தாலும் பாதரசம் பக்கம் போகாதீர்கள். சூடாக்கும்போது வரும் ஆவி மணம் கூட இல்லாமல் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். மிச்சம் ஆற்றுக்குப் போகும், இங்கே இருந்து ஓடும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து அப்புறம் களனியாகி, கொழும்பு குடிக்கும் தண்ணீராகிறது.

அடையாளம்: வருவதெல்லாம் பொடிக் கல், பெரிதாக ஒன்றும் இல்லை

சல்லடை மேல் தங்கி நீங்கள் வீசிய குவியலுக்குப் போங்கள். பெரிய கல் அங்கேதான் களி பூசிக்கொண்டு கிடக்கும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு வீசுவதைப் பழக்கமாக்குங்கள்.

அடையாளம்: சுவரில் வரும் தண்ணீர் நிறம் மாறிவிட்டது

இதுவரை எழுதியதெல்லாம் காசு சம்பந்தம், இது உயிர் சம்பந்தம்.

குழியில் தண்ணீர் ஊறுவது சாதாரணம், காலையில் பம்பு போட்டு இறைத்துவிட்டுத்தான் எல்லோரும் இறங்குவோம். பார்க்க வேண்டியது எவ்வளவு தண்ணீர் என்பதை விட எப்படிப்பட்ட தண்ணீர் என்பது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் மண் இருந்த இடத்தில் இருக்கிறது. கலங்கி, கையில் பிடித்தால் மணல் நெருடினால், சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் சுவரைத் தாங்கும் மரச்சட்டமும் அதன் பின்னால் அடைத்த தழையும் அப்படியே நிற்கும், பின்னால் மட்டும் பொந்து விழுந்திருக்கும். பம்பை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறீர்களோ அவ்வளவு வேகமாக அந்தப் பொந்து பெரிதாகும்.

நான் பார்த்த ஒரு குழியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஊற்று பால் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. குழியை நடத்தியவர் மழைத் தண்ணீர்தான் என்று சொல்லி இறங்கச் சொன்னார். மாமா குழி விளிம்பைச் சுற்றி நடந்து போய், இரண்டு அடி தள்ளிப் புல்லுக்குள் ஒரு வெடிப்பு ஓடுவதைக் காட்டினார், விரல் நுழையும் அளவுதான் இருக்கும், விளிம்புக்கு நேர் சமாந்தரமாக. யாரும் இறங்கவில்லை. பத்து மணிக்குள் அந்தப் பக்கம் முழுதும் சட்டத்தோடு உள்ளே போனது. அன்று இறங்கியிருந்தால் மூன்று பேர்.

அதனால் கலங்கல் தண்ணீர், விளிம்புக்குப் பக்கத்தில் வெடிப்பு, பாக்கு மரச் சட்டம் முனகுவது அல்லது வளைவது, காய்ந்திருந்த சுவரில் புதிதாக ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேலே ஏறுங்கள். சாமானை எடுக்கத் திரும்பி இறங்காதீர்கள், மம்பட்டி போனால் வாங்கலாம். மேலே ஏறிய பிறகு பம்பை நிறுத்துங்கள். மண் அடங்கி ஒரு நாள் போன பிறகு, வெளியிலிருந்தே பார்த்து, பொந்துக்குத் தழையும் மண்ணும் அடைத்து, சட்டத்தை நெருக்கமாகக் கட்டி, அப்புறம்தான் மறுபடி வேலை. தழைக்குப் பன்னம் (பெரணிச் செடி) நல்லது, தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கும் பழக்கத்தை விடுங்கள், அந்தப் பாரம்தான் சுவரைத் தள்ளுகிறது. குறைந்தது குழியின் ஆழம் அளவுக்காவது தள்ளிக் கொட்டுங்கள்.

மழை நாளில் குழி மட்டும் பார்த்தால் போதாது, மலையையும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அன்று குழி வேலை இல்லை.

அடையாளம்: குழிக்குள் தலை பாரமாக இருக்கிறது, வாந்தி வருகிறது

பம்பு இயந்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குழிக்குள்ளேயோ விளிம்பிலேயோ ஓடினால் அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டு கீழே தேங்கும். மெழுகுதிரி எரிகிறது, அதனால் காற்று நல்லது என்று சிலர் சொல்வார்கள். மெழுகுதிரி ஒட்சிசன் குறைந்தால்தான் அணையும், இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். இயந்திரம் எப்போதும் மேலே, குழியை விட்டுத் தள்ளி, புகையைக் காற்று குழிப் பக்கம் கொண்டு வராத இடத்தில், குழாய் மட்டும் உள்ளே. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற உடனே குதிக்காதீர்கள், இரண்டாவது ஆளும் விழுவது அப்படித்தான். இறங்கும் ஆளின் இடுப்பில் ஆரம்பத்திலேயே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம்.

அடையாளம்: தண்ணீரில் அழகாக இருந்த கல் காய்ந்தால் மங்கல், வாங்குகிறவர் வெறும் பளிங்கு என்கிறார்

ஆற்றில் உருண்ட கல்லின் மேல் தோல் சொரசொரப்பாக இருக்கும், அதனால் காய்ந்தால் எல்லாமே மங்கல்தான். நிறம் பார்க்க நனைத்துப் பாருங்கள். இனம் பார்க்கத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கீறிப் பார்க்காதீர்கள்.

எனக்கு ஒரு தடவை பால் கலந்த மாதிரி மங்கலான ஒரு கல் வந்தது, பீப்பாய் வடிவம். டவுனில் ஒரு வியாபாரி பளிங்கு என்று சொல்லி ஒரு நாள் கூலிக்குக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தேன், 5.30 கிராம். பிறகு தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்கினேன். கல்லைத் தையல் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 1.33 காட்டியது. 5.30ஐ 1.33ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4. பளிங்காக இருந்திருந்தால் தராசு 2.00 காட்டியிருக்கும். பிறகு அதிகார சபையின் பரிசோதனைக்கூடத்தில் காட்டியபோது கொரண்டம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மங்கல் கல்லுக்குத்தான் கெவுட என்று பெயர். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இதை இங்கே மலிவாக வாங்கிக்கொண்டு போய் உலையில் சூடாக்கி நல்ல நீலமாக்கி விற்றார்கள், அதுவரைக்கும் நம் ஆட்கள் அதை மதிக்கவே இல்லை.

கணக்குப் பார்க்கும்போது டோபாஸ் 3.5 வரும், அதையும் சிலர் புஷ்பராகம் என்பார்கள், ஆனால் அது கொரண்டம் இல்லை. ஸ்பினல் 3.6 வரும். கார்னெட் வகையைப் பொறுத்து 3.6இலிருந்து 4க்கு மேல் வரை வரும் என்பதால் சிவப்பு, தேன் நிறக் கல்லுக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், விரலால் தேய்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள்.

அடையாளம்: வேலை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு

குளிர் பிடித்தது என்று கசாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். தேங்கிய சேற்றுத் தண்ணீரில் நிற்கும் நமக்கு எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குழியில் வேலை செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் வைத்தியர் சரியான பக்கம் யோசிப்பார். தொடங்கும் முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்த்தால் தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார். காலில் வெட்டுக் காயம் இருக்கிற நாள் தண்ணீருக்குள் இறங்காமல் மேலே சலிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம்: கீழே இருக்கிறவர்கள் தண்ணீர் கலங்குகிறது என்கிறார்கள்

அவர்கள் சொல்வது சரி. கழுவும் தண்ணீரை நேராக ஓயாவுக்கு விடாமல் இரண்டு மூன்று குழியாக வெட்டி, ஒன்றில் நிரம்பித் தெளிந்தது அடுத்ததில் விழும்படி கான் எடுங்கள். கடைசிக் குழியில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரிய வேண்டும், அதற்கு மேல்தான் ஆற்றுக்கு. அடியில் சேரும் சேற்றை வாரம் ஒரு தடவை அள்ளி வையுங்கள், குழி மூடும்போது தேவைப்படும். மூடும்போது முதலில் கழுவிய சரளை, அதன் மேல் இந்தச் சேறு கலந்த மண், கடைசியாகத் தோண்டிய முதல் நாள் தனியே எடுத்து வைத்த மேல்மண். அந்த மேல்மண் ஒரு அடி இருந்தால் அடுத்த மழைக்கே புல் பிடிக்கும்.